நான் விடச் சொன்ன அலை

அன்றைக்கு மூன்றாவது அலையைப் பார்த்து நான் "விடு" என்று சொன்னது கணிப்பா, பயமா?

இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது வருகிறது. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது வருகிறது. ஒரு நாள் கணிப்புதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பேன். மறுநாளே நானே மேல்முறையீடு செய்துகொள்வேன்.

இந்த ஆண்டு அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களாகச் சேரப்போகும் நீங்கள், "சீனியர் அக்கா, உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதித் தாங்க" என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம்தான் இப்படிக் கேட்பது வழக்கம். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. என் மகளுக்கு நான்கு வயது. ஆனால் நம் தொழிலில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் அவளுக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிரிவுபசார விழா எடுத்தார்கள், மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் எனக்குப் பின்னால் கடல் நன்றாக இருக்கிறது. அன்றைக்கு எடுக்க வேண்டிய அலைகள் அதில் இரண்டு தெரிகின்றன.

பலகையில் எழுந்து நிற்பது, காலில் கயிறு கட்டுவது, விழும்போது தலையைக் காப்பது எல்லாம் உங்களுக்கு அங்கே சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. முட்டைப் பலகைக்கு அலை தேர்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் தெரியுமா என்பதில்தான் இப்போது சந்தேகம்.

தென்காசிக்காரி கடலுக்கு எப்படிப் போனாள் என்று கேட்பீர்கள். கல்லூரியில் நீச்சல் அணியில் இருந்தேன். படித்து முடித்து வேலை தேடிய நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கரையில் ஒரு சர்ஃப் பள்ளியில் நீந்தத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். கொல்லம் ரயிலில் ஏறினால் குகைகளைத் தாண்டி சில மணி நேரம். அப்பா ராணுவத்தில் இருந்து வந்தவர், தடுக்கவில்லை. அம்மாதான், "ஏட்டி, எஞ்சினியரிங் படிச்சிட்டு பலகையத் தூக்கிட்டு அலையவா போற?" என்று கேட்டாள். போனேன். தென்மேற்குப் பருவமழையில் அந்தக் கடல் எங்களுக்கு மூடிவிடும். அதே மழையில்தான் இங்கே குற்றாலத்தில் சீசன். ஆகவே கடல் மூடும்போது ஊருக்கு வந்து, அருவியில் தண்ணீர் குறையும்போது திரும்பிப்போவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

முட்டைப் பலகையை முதலில் என் கையில் கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. பொறுமை கிடையாது, பாராட்டும் கிடையாது. அவரிடம் கற்றவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது குளியலறையில் அழுதிருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். முட்டைப் பலகைக்கு மூக்கும் வட்டம், வாலும் வட்டம். நடுவில் அகலம், நல்ல தடிமன். கூர்மையான குட்டைப் பலகையில் வருபவர் அலை எழுந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். முட்டைக்கு அது தேவையில்லை. அலை சாய ஆரம்பித்தாலே போதும், கை நாலு வீச்சு வீசினால் ஏறிவிடும். சோம்பல் அலை, சின்ன அலை, உருவமே இல்லாத அலை எதிலும் ஏறும். அதனால்தான் அது ஆபத்தான பலகை. மற்றப் பலகைகளில் கெட்ட அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். இதில் விடுகிற வேலையும் நம்முடையது.

முதல் பருவத்தில் எனக்கு இது புரியவில்லை. வந்ததையெல்லாம் எடுத்தேன். ஒரு நாள் அலைக்கூட்டம் ஒன்று வந்தது. அலைகள் கூட்டமாக வரும், பிறகு கடல் சும்மா கிடக்கும், மறுபடியும் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தின் முதல் அலையை எடுத்து, பாதியில் விழுந்தேன். தலையைத் தூக்கினால் அடுத்தது தலைக்கு மேல். குட்டைப் பலகையாக இருந்தால் அதை அமுக்கிக்கொண்டு அலைக்கு அடியில் புகுந்து தப்பலாம். முட்டை அமுங்காது. மிதப்புதான் அதன் குணம். அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் என்மேல் உடைந்து முடிந்த பிறகு கரையில் வந்து கிடந்தேன்.

சேச்சி வந்து பலகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திட்டவில்லை. அதற்குப் பிறகு பல நாள் எனக்குக் கடல் இல்லை. கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு அலையையும் பார்த்து "எடு" அல்லது "விடு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். மொத்தமாக ஒரே நேரத்தில் விழுகிற அலையை விடு. ஒரு பக்கத்திலிருந்து உடைந்துகொண்டே போய், அடுத்த பக்கம் சாய்வாகத் திறந்திருக்கிற அலையை எடு. சுவர்போல எழுந்தால் விடு. கூட்டத்தின் முதல் அலை எத்தனை அழகாக இருந்தாலும் விடு. தண்ணீர் வற்றி, மணல்திட்டு மேலே வந்திருக்கும் நேரமானால் சந்தேகம் வந்ததையெல்லாம் விடு.

"எடுக்கிறவளுக்குக் கை போதும் மோளே. விடுறவளுக்குத்தான் கண்ணு வேணும்" என்றார் ஒரு நாள். பல ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அது. அதை நம்பித்தான் நான் பயிற்சியாளராக ஆனேன்.

அந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் அதற்கு உட்படுவீர்கள், ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறேன். பயிற்சியாளர் தேர்வில், தேர்வுக்கு வந்தவர் கடலுக்குள் பலகைமேல் குப்புறப் படுத்து, கரையைப் பார்த்துக் கிடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு பலகையில் ஒருவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் "எடு" என்றால் எடுக்க வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். நாளைக்கு நம்மிடம் கற்க வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் நம் குரலை நம்பித்தான் கிடப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று நமக்கும் தெரிய வேண்டும் என்பது சேச்சியின் கணக்கு. நல்ல வழக்கம்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இசக்கியை அந்தப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

இலத்தூர்ப் பெண். ஊர்க் குளத்தில் நீந்திப் பழகியவள். ஒரு சீசன் நேரத்தில் நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தபோது உதவிக்கு வந்தாள். தண்ணீருக்குள் அவளுக்கு அவசரமே கிடையாது, அதுதான் என்னைக் கவர்ந்தது. வெளியே வாய் ஓயாது. "யக்கா, கடல் உப்பாமே, கண்ணு எரியாதா?" என்று முதல் நாள் கேட்டவள், ஒரு வருஷத்தில் சர்ஃப் பள்ளியில் எல்லோரையும்விட நன்றாக முட்டைப் பலகை ஓட்டினாள். அவள் அப்பாவிடம் நான்தான் போய்ப் பேசினேன். விவசாயம் பார்க்கிறவர், பெண்ணைக் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஒரு தேர்வு முடியட்டும் அண்ணாச்சி, சர்டிபிகேட் கையில் வந்தால் நல்ல வேலை, அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதுதான்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். இந்தத் தேர்வில் தோற்றால் வீட்டோடு இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அது இசக்கிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேர்வைப் பருவத்தின் கடைசியில் வைத்தார்கள். நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த காலம் அது. மகளுக்கு இரண்டு வயது. தென்காசியில் அம்மாவிடம் விட்டிருந்தேன். வாரக் கடைசியில் ரயிலில் வந்து பார்ப்பேன். அவள் முதலில் என்னிடம் வர மாட்டாள், ஞாயிறு மத்தியானம்தான் மடியில் ஏறுவாள், சாயங்காலம் நான் கிளம்பிவிடுவேன்.

அன்று காலை கடலில் இறங்குவதற்குச் சற்று முன்னால் அம்மா போன் செய்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், இரவெல்லாம் என்னைக் கேட்டு அழுதிருக்கிறாள். மருந்து கொடுத்தாயிற்று, நீ உன் வேலையைப் பார் என்று அம்மாவே சொல்லி வைத்துவிட்டாள். சேச்சி பக்கத்தில்தான் நின்றிருந்தார். பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கும். இசக்கிக்குக் குரல் கொடுக்கப் போவது நான்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. அவளே கேட்டு வாங்கியது.

கடல் அன்றைக்கு நல்ல பிள்ளைபோல் இருந்தது. காற்று இல்லை, மேகம் இல்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்தார். நேரம் முடிந்ததென்று கரையில் கொடி இறங்குவதற்குள் இசக்கி ஒரே ஒரு அலையில் ஏறி, திறந்த பக்கம் திரும்பி, பத்திரமாக இறங்கிக் காட்டினால் போதும்.

முதல் கூட்டம் வந்தது. அதன் முதல் அலைக்கு "விடு" என்றேன். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. அடுத்து வந்தது சுவராக எழுந்தது, வற்று நேரம், மணல்திட்டின் மேல் மொத்தமாக விழும். "விடு." அது விழுந்த விதத்தைப் பார்த்து நான் சொன்னது சரி என்று சேச்சியே கரையில் தலையாட்டியதாகப் பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கடல் சும்மா கிடந்தது. அந்த இடைவெளி வழக்கத்தைவிட நீளம் என்று எனக்குப் பட்டது. அந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று சொல்வார்கள். எங்கோ நடுக்கடலில் அடித்த காற்றுக்கு, இங்கே ஒரு அறிகுறியும் இல்லாமல் கடல் பெரிதாகும். அதற்கு முன்னால் அலைக்கூட்டங்களுக்கு நடுவில் இடைவெளி நீளும். மணல்திட்டில் தண்ணீர் பின்வாங்குவதையும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அது வந்தது. சாய்வு நன்றாக இருந்தது. இடது பக்கம் உடைய ஆரம்பித்து, வலது பக்கம் திறந்திருந்தது. முட்டைப் பலகைக்கு அளவெடுத்ததுபோல. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு கோடு தெரிந்தது. கறுப்பாக, தடிமனாக. இவள் இதில் விழுந்தால் அது இவள் தலையில் விழும், பலகை அமுங்காது.

இசக்கி கரையைப் பார்த்தபடியே கேட்டாள். "யக்கா?"

"விடு" என்றேன்.

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரும்பவில்லை. அந்த அலை எங்களுக்கு அடியில் புகுந்து போனது. ஒரு பக்கமாகவே உடைந்து, வேறு எந்தச் சேட்டையும் செய்யாமல், கரைவரைக்கும் போய்த் தீர்ந்தது. நான் பயந்த கறுப்புக் கோடு உயர்ந்தது, பிறகு உடையாமலே அமுங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் கொடி இறங்கிவிட்டது.

அடுத்து இறங்கிய பையனுக்குக் குரல் கொடுத்தவர் ஓர் ஆண், என்னைவிட வயதில் இளையவர், அனுபவத்திலும். நான் விட்டதைவிட மோசமான அலைக்கு "எடு" என்றார். பையன் தடுமாறி, எப்படியோ நின்று, தேர்வானான். குரல் கொடுத்தவருக்குத் தைரியசாலி என்று பெயர். நான் விட்டதுபோல அவர் விட்டிருந்தால் நிதானமானவர் என்று சொல்லியிருப்பார்கள். இதை நான் பொறாமையில் எழுதவில்லை. உங்களில் யாருக்காவது இது நடக்கும்போது, உங்கள் புத்தியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

கரையில் இசக்கி பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். கூட இருந்த பிள்ளைகளில் ஒருத்தி, முட்டைப் பலகையில் போய் முட்டை மார்க் வாங்கினவள் நீதான் என்றாள். இசக்கி வழக்கமாக இதற்கெல்லாம் பதிலுக்குப் பத்து சொல்வாள். அன்று பலகையை இறக்கிவைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் சாய்த்துவைத்தாள்.

நான் சேச்சியிடம் போய்க் காரணத்தைச் சொன்னேன். இடைவெளி நீண்டது, தண்ணீர் பின்வாங்கியது, பின்னால் ஒரு கோடு தெரிந்தது என்று. முழுதும் கேட்டார். பிறகு, "நீ பாத்தது அலைய இல்ல மோளே. உன் கொச்சத்தான் பாத்த" என்றார்.

கொச்சு என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை. வேறொருவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். விடுகிறவளுக்குத்தான் கண் வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாய் அது.

மறுநாள் கடல் ஏறியது. காற்றில்லாமல், மேகமில்லாமல். கடற்கரைக் கடைகளுக்குள் தண்ணீர் வந்தது, சிவப்புக் கொடி ஏற்றினார்கள், ஒருவரும் இறங்கவில்லை. ஜன்னலில் நின்று அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்ச நேரம்தான். கடல் ஏறியது மறுநாள். நான் விடச் சொன்னது முந்தின நாள். சேச்சி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த பருவத்தில் என்னை அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். உனக்கும் வசதி, பிள்ளையையும் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அலுவலகம் கடலுக்கு முதுகைக் காட்டிக் கட்டியது. போன் செய்கிறவர்கள், நாளைக்கு அலை எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வேன். பிறகு அதற்கும் நேரமில்லாமல் போய், நன்றாக இருக்கும் வாருங்கள் என்று பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தேன். அதை உணர்ந்த நாளில்தான் வேலையை விட்டேன். மாலை போட்டது அப்போதுதான்.

நடுவில் ஒன்று நடந்தது. தேர்வு முடிந்த அந்தச் சீசனில் நான் ஊரில் இருந்தபோது இசக்கியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று அம்மா பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள். அவரோ வண்டியிலிருந்து ஒரு சாக்குத் தேங்காயை இறக்கிவைத்தார். காபி கொடுத்தோம், குடித்தார். கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எம்மா, நீங்கதான் கூட்டிட்டுப் போனீய, நீங்களே நிப்பாட்டியும் விட்டுட்டீய. நான் சொன்னா அவ கேக்க மாட்டா. உங்களுக்கு ரொம்பப் புண்ணியம்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் தேங்காய் தீரும்வரை எங்கள் வீட்டில் தினமும் சட்னி. அம்மா அரைத்துக்கொண்டே இருந்தாள். இசக்கியை அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் என் கையைப் பிடித்தவள் படத்துக்காகச் சிரித்தாள், என்னிடம் பேசவில்லை.

இந்த வருஷச் சீசனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் கடைசியில் கேட்பதற்குப் பதில் சொல்ல முடியும்.

மகளைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம், நானும் மகளும் பெண்கள் பக்கம். சாரல், நல்ல கூட்டம், அளவான தண்ணீர். மகள் சுவரோரம் நின்று கையை மட்டும் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் மாறியதுபோல இருந்தது. தண்ணீரில் சருகும் சுள்ளியும் வந்தன. நிறம் கலங்கியதுபோலத் தெரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கத்தினேன்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த ஒரு அம்மா, "ஏட்டி, நீ குளிச்சிட்டேல்லா, இடத்த விடு. மத்தவுகள எதுக்கு விரட்டுத?" என்றாள். சுற்றிச் சிரித்தார்கள். கரையில் நின்ற பெண் காவலர், "விசில் எங்கிட்ட இருக்கும்மா" என்று அதைத் தூக்கிக் காட்டினார். அதற்கும் சிரித்தார்கள். மகள் குளிக்க வேண்டும் என்று அழுதாள். அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டேன்.

கடைவரிசைக்கு வந்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. விசில் சத்தம், ஓட்டம். எல்லோரும் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். எண்ணெய்த் தலையோடு அந்த அம்மாவும் வந்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

என் வீட்டுக்காரரிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "சீசன்ல சங்கு ஊதாத நாள் உண்டா? போன வாரமும் நீ இப்படித்தான் பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்த, அன்னைக்கு ஒண்ணும் வரலயே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். போன வாரமும் சத்தம் மாறியதுபோல எனக்குக் கேட்டது. அதற்கு முன்பு ஒரு முறை பழைய அருவியிலும் கேட்டது. எப்போதும் "விடு" என்று சொல்கிறவள் என்றைக்காவது ஒரு நாள் சரியாகத்தான் இருப்பாள். அதைக் கணிப்பு என்று சொல்ல முடியுமா?

உங்களுக்கு ஒரு பாடம் எழுதிவைக்க நினைத்தேன். பயம் அலைக்கு முன்னால் வரும், கணிப்பு அலையைப் பார்த்த பிறகு வரும், ஆகவே எது முதலில் வந்தது என்று பாருங்கள் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தன. பின்னால் கறுப்புக் கோடு இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலும் இருந்தது. காய்ச்சல் இல்லாதிருந்தால் அந்தக் கோடு எனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் எடு என்று சொல்லியிருப்பேனா? பிள்ளை பிறப்பதற்கு முன்பு இதைவிட மோசமான கோடுகளைப் பார்த்துவிட்டு "எடு" என்று சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது நான் சரியாக இருந்தேனா, இல்லை அப்போதுதான் குருடாக இருந்தேனா?

போன வாரம் இசக்கி போன் செய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. அவள் வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை என்று சம்மதித்திருக்கிறார். பள்ளியில் கேட்டிருக்கிறாள், மழை முடிந்து கடல் திறந்ததும் மறுதேர்வு வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"கொரலு கொடுக்க யாரு வேணும்னு சேச்சி கேட்டாவ. உங்க பேரச் சொல்லிட்டேன்" என்றாள்.

என்னை எதற்கு, நான் வேலையை விட்டே நாளாகிறது, அங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன்.

"நீங்கதான யக்கா நிப்பாட்டினீய. வேற யாரு எடுன்னு சொன்னாலும் எனக்கு உங்க 'விடு'தான் காதுல கேக்கும். கை வராது. ஆனா ஒண்ணு. வாரதுல ஏதாவது ஒண்ணுக்கு எடுன்னு சொல்லணும். எப்படி வந்தாலும் சரி. அத இப்பவே சொல்லுங்க."

நான் பேசாமல் இருந்தேன்.

"பாத்தீயளா" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள்.

யோசிக்கிறேன். அலையைப் பார்ப்பதற்கு முன்பே "எடு" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவள் குரல் கொடுக்கப் போகவில்லை, கடனை அடைக்கத்தான் போகிறாள். அது எனக்குத் தெரியும். வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னால் இசக்கி வர மாட்டாள், அவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு போய்விடும், அதையும் நிப்பாட்டியவள் நானாக இருப்பேன். வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே போய் மீறலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அதை எழுதும்போதே கை கூசுகிறது. வீட்டில் கேட்டால், உனக்கு எதுக்கு இந்த வம்பு என்பார்கள். சேச்சியிடம் கேட்க மனம் ஒப்பவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள், என்னிடம் இருந்தது இவ்வளவுதான். இனி நீங்கள் சொல்லுங்கள். உங்களில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் சொல்லுங்கள். தண்ணீரில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும்போது, பார்ப்பது கண்ணா, பயமா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள்? இசக்கிக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

குற்றாலத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்துவிட்டது. கடல் திறப்பதற்குள் எழுதுங்கள். நான் போனால் அவள் கரையைப் பார்த்துக் கிடப்பாள், திரும்பமாட்டாள். நான் எதைச் சொல்கிறேனோ அதைச் செய்வாள்.